வயிறு நிறைந்தால் போதுமா? மனநலத்துக்குத் தேவை பருப்பும் முட்டையும்
ரேஷனில் புரதம் எப்போது? சித்தூர், திருப்பதி எழுப்பும் கேள்வி

புது தில்லி: நாட்டில் சுமார் 80 கோடிப் பேருக்கு ரேஷன் கடைகள் மூலம் மாதந்தோறும் 5 கிலோ உணவு தானியம் இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. பசியைப் போக்க இது உதவுகிறது. ஆனால், உடலை வளர்க்கும் புரதம், மனத்தின் தெம்புக்கும் தேவை என்பதை உணவுக் கொள்கை இன்னும் முழுமையாகக் கணக்கில் கொள்ளவில்லை. ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் உணவு வழக்கம் இதைத் தெளிவாக உணர்த்துகிறது.

களியும் கடலையும்

2022 ஏப்ரல் வரை திருப்பதி நகரம் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மழை குறைந்த இப்பகுதியின் அடையாளம் கேழ்வரகும் வேர்க்கடலையும். "ராகி சங்கடி" எனப்படும் களி, கடலைச் சட்னி, கொள்ளு, பருப்பு ஆகியவை இம்மக்களின் பழைய உணவு. தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனினைத் தானியம் ஈடுகட்டும்.

1983-ல் முதல்வரான என்.டி. ராமாராவ், கிலோ 2 ரூபாய் அரிசித் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஏழை வீடுகளில் அடுப்பெரிய அது வழிசெய்தது. அரிசிக்குக் கிடைத்த சலுகை பருப்புக்குக் கிடைக்கவில்லை. நூறு கிராமில் சுமார் 25 கிராம் புரதம் கொண்ட வேர்க்கடலையோ, பெரும்பாலும் எண்ணெய்க்கான பணப்பயிராகவே பார்க்கப்படுகிறது.

மூளைக்கும் உணவு

மனநிலையைச் சீராக்குவதில் பங்கு வகிக்கும் செரடோனின், டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது. இதை உடலால் தயாரிக்க இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். இந்த மாற்றத்துக்கு இரும்புச் சத்தும் தேவை. பி-12 வைட்டமின் குறைந்தாலும் சோர்வும் மறதியும் தலைகாட்டும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஆந்திரத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 58.8 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள். "அலுப்பு", "எரிச்சல்" என்று வீட்டில் ஒதுக்கப்படும் பலவற்றுக்குப் பின்னால் இந்தக் குறைபாடும் இருக்கக்கூடும்.

ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வுக்கு ஆளான 67 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. காய்கறி, பருப்பு, மீன், முழு தானியம் மிகுந்த உணவுக்கு 12 வாரங்கள் மாறியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மனச்சோர்விலிருந்து மீண்டனர். உணவை மாற்றாமல் பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் இது 8 சதவீதமே. ஆய்வு சிறியது; உணவே மருந்துக்கு மாற்று என்று அது கூறவில்லை. சிகிச்சையில் இருப்போர் மருந்தை நிறுத்துவது ஆபத்து.

சைவமா, அசைவமா?

இந்த விவாதம் அரசியலில் சூடாக நடக்கிறது. அறிவியலின் கேள்வி வேறு: போதிய புரதம் கிடைக்கிறதா என்பதே அது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். சைவ உணவினர் இதைப் பருப்பு, கடலை, பால், தயிர் மூலம் பெறலாம். தாவர உணவில் பி-12 இல்லை என்பதால் அவர்களுக்குப் பாலும் தயிரும் முக்கியம்.

அசைவத்துக்கு இடமில்லாத திருமலையில், தேவஸ்தானத்தின் அன்னப்பிரசாதத்தில் 2025 மார்ச்சில் மசால் வடை சேர்க்கப்பட்டது. கடலைப் பருப்பு வடை என்பதால், சோற்றுடன் சிறிது புரதமும் இலையில் சேர்ந்தது. மலைக்குக் கீழே அரசுப் பள்ளிகளில் முட்டையும், வேர்க்கடலையும் வெல்லமும் சேர்ந்த மிட்டாயும் மாணவர்களுக்குக் கிடைக்கின்றன. 2020-ல் ஜெகன்மோகன் ரெட்டி அரசு விரிவுபடுத்திய மதிய உணவுத் திட்டத்தில் வாரம் 5 முட்டை அறிவிக்கப்பட்டது. 2023-ல் கேழ்வரகுக் கஞ்சியும் சேர்ந்தது. 2024-ல் ஆட்சி மாறியதும் திட்டத்துக்கு டொக்கா சீதம்மாவின் பெயர் சூட்டப்பட்டது.

பள்ளிக்கு வெளியே?

பள்ளியில் மகனுக்குக் கிடைக்கும் முட்டை, வீட்டில் தாய்க்கு உறுதியில்லை. 2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரேஷனில் உரிமையாக்கியது அரிசி, கோதுமை, சிறுதானியம் மட்டுமே. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் முதல் நவம்பர் வரை, குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ பருப்பை மத்திய அரசு இலவசமாக வழங்கியது. பின்னர் அது நின்றது. தமிழகமோ 2007 முதல் துவரம் பருப்பைச் சலுகை விலையில் வழங்கி வருவது குறிப்பிடத்தக்கது.

பருப்பு உற்பத்தியில் தன்னிறைவு பெற 11,440 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. விளையும் பருப்பு ஏழையின் தட்டுக்கு வர வழி என்ன என்பதே மிச்சமுள்ள கேள்வி. மருத்துவமனையில் மனநல ஆலோசனைக்கு நிதி ஒதுக்கும் அரசு, ரேஷன் கடையில் ஒரு கிலோ பருப்புக்கும் நிதி ஒதுக்கினால், சோர்ந்திருக்கும் பல வீடுகளுக்கு அது தெம்பளிக்கும்.