வேர்த்துண்டுகளிலிருந்து ஈரப்பலாக் கன்றுகளை உண்டாக்கும் முறை

அரியாலையில் நெற்காணியும் தோட்டக்காணியும் உடைய கமக்காரர் பலர் தம் வீட்டு வளவில் ஓர் ஈரப்பலா நிற்றல் வேண்டுமென விரும்புவர். தமிழ்நாட்டார் சீமைப்பலா எனவும் கறிப்பலா எனவும் வழங்குவது இம்மரத்தையே. கறிக்கும் பொரியலுக்கும் உகந்த இதன் காய், மரக்கறி விலை ஏறிய நாட்களிற் குடும்பத்துக்குப் பெருந்துணையாகும். ஆயினும் இதன் கன்று எளிதிற் கிடைப்பதில்லை. நம் வளவுகளில் நிற்கும் ஈரப்பலாவின் காயில் வித்து இல்லை. பலாக்கொட்டையைப் போல இதனை நட்டு முளைக்கச் செய்ய இயலாது. முருங்கையைப் போலக் கிளையை வெட்டி ஊன்றினாலும் பெரும்பாலும் பட்டுப்போகும். வேரிலிருந்தே இதனைப் பெருக்குதல் வேண்டும்.

ஆதலால் வளவில் நிற்கும் ஒரு மரம் பட்டுப்போனால், அதன் வழி அவ்வளவில் முடிந்துவிடும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வளவுகளை விட்டு இடம்பெயர்ந்தனர். ஆளில்லாத வளவில் மரத்துக்கு நீர் வார்ப்பார் யார்? தப்பி நிற்கும் முதுமரம் ஒன்று உங்கள் வளவிலோ அயலவர் வளவிலோ இருக்குமாயின், அது நல்ல நிலையில் நிற்கும்போதே இரண்டொரு கன்றுகளை எடுத்து வேறிடத்தும் நட்டுவைத்தல் நன்று.

வித்தில்லாத இம்மரத்தைக் கடல் கடந்து கொண்டுசெல்வது எத்துணை அரிதென்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1787ஆம் ஆண்டு பிளை என்னும் ஆங்கிலேயக் கப்பற்றலைவர், மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஈரப்பலாக் கன்றுகளைக் கொண்டுசெல்லும்பொருட்டு 'பவுண்டி' என்னும் கப்பலிற் புறப்பட்டார். தாகித்தித் தீவிற் கன்றுகள் வேர்கொள்ளும்வரை ஏறத்தாழ ஐந்து மாதங்கள் தங்க நேர்ந்தது. 1789இல் மாலுமிகள் கலகஞ் செய்து தலைவரைப் படகிலேற்றி அனுப்பிவிட்டு, கன்றுகளைக் கடலில் எறிந்தனர். மறுமுறை வேறு கப்பலிற் சென்று 1793இலேயே அவர் தாம் எடுத்த கருமத்தை நிறைவேற்றினார். வேர்கொள்ளக் காத்திருத்தல் அவருக்கும் தவிர்க்க முடியாததாயிற்று, நமக்கும் அவ்வாறே.

வேரிலே கணுவும் இல்லை, அரும்பும் இல்லை. ஆயினும் வேரை வெட்டித் தாய்மரத்திலிருந்து பிரித்தவுடன், பட்டையின் உட்புறத்து இழையங்களிலிருந்து புதிய அரும்புகள் தோன்றுகின்றன. வேரிற் சேமிக்கப்பட்டுள்ள மாப்பொருளே இலை விரியும்வரை அவற்றுக்கு உணவாகும். மெல்லிய வேர்கள் பயன்படாமைக்குக் காரணம் இதுவே. கைப்பெருவிரலின் பருமனும் அதற்குச் சற்று மேலும் உடைய வேர்களைத் தெரிதல் வேண்டும்.

காய் ஓய்ந்து, புதுத்தளிர் விடுமுன் மரம் இளைப்பாறும் காலமே வேர் எடுக்க ஏற்றது. நமது பகுதியில் மாரிமழை ஓய்ந்து, காலபோக நெல்லை வெட்டிச் சூடடித்த பின்னர், தை, மாசி மாதங்களில் இவ்வேலையைத் தொடங்கலாம். மழைக்காலத்திற் புதைத்த துண்டுகள் அழுகிப்போதல் கூடும். தையிற் புதைத்தவை ஐப்பசி மழைக்கு நடத்தக்க கன்றுகளாகிவிடும்.

அடிமரத்திலிருந்து ஐந்தாறு அடி விலகி, மண்ணை மெதுவாக அகற்றி, மேலோடும் வேரைக் காணுக. மண்வெட்டியாற் கொத்துதல் ஆகாது. நசுங்கிய வேரிற் பங்கசு எளிதிற் பற்றும். கூரிய கத்தியால் வெட்டி, எட்டு முதல் பத்து அங்குல நீளமுள்ள துண்டுகளாக்குக. ஒரு மரத்தில் ஓர் ஆண்டில் ஒரு பக்கத்து வேர்கள் இரண்டு மூன்றுக்கு மேல் எடுத்தல் கூடாது. அயலவர் பலர் கேட்கின்றனர் என்பதற்காகச் சுற்றிவரத் தோண்டிய மரம், அடுத்த கோடையில் வாடும். சோழகக் காற்றிற் சாயவுங் கூடும். தோண்டிய இடத்தை அன்றே மூடி நீர் வார்க்க.

வெட்டும்போது அடிமரத்தை நோக்கிய முனையை நேராகவும் மறுமுனையைச் சரிவாகவும் வெட்டிக்கொண்டால், பின்னர் எது மேல், எது கீழ் என்னும் மயக்கம் நேராது. வடியும் பாலை நீரிற் கழுவி, துண்டுகளை நிழலிற் சிறிது நேரம் உலரவிடுக. ஆற்றுமணலும் மக்கிய இலையுரமுங் கலந்த பாத்தியில், நேராக வெட்டிய முனை மண்மட்டத்திற்குச் சற்றே மேலே தோன்றும்படி சாய்வாகப் புதைக்க. மேலே கிடுகுப் பந்தல் அமைத்து ஈரங் காயாமற் காக்க. நீர் தேங்கவும் விடலாகாது.

அரியாலையில் நீரைப் பற்றிக் கவனம் மிக வேண்டும். கடலேரியை அடுத்த கிணறுகள் கோடை முற்ற முற்றச் சவராகும். வாயில் இட்டுப் பார்த்துச் சவர் தோன்றும் நீரைப் பாத்திக்கு வார்த்தல் ஆகாது. துண்டுகள் சிலவே ஆதலின், நன்னீர்க் கிணற்றிலிருந்து வாளியிற் கொண்டுவந்து வார்ப்பது பெரும் பாரமாகாது.

சில வாரங்களில் முளை தோன்றும். சில துண்டுகள் நான்கு மாதம்வரை உறங்கிக் கிடப்பதும் உண்டு. பலர் தவறுவது இதன் பின்னரேயாம். இலை இரண்டு கண்டவுடன் கன்று ஆயத்தமாயிற்று எனக் கருதிப் பிடுங்கி நடுவர். அது பத்து நாளிற் கருகிப்போகும். வேர்த்துண்டில் முளை முன்னும் புதுவேர் பின்னும் தோன்றுவதே இயல்பு. அவ்விரண்டு இலைகளும் பழைய வேரின் சேமிப்பிலே வாழ்பவை. முளை ஒரு சாண் வளர்ந்து இலைகள் முதிர்ந்த பின்னர், மண் கலையாமற் பொலித்தீன் பைக்கு மாற்றி, நிழலை மெல்ல மெல்லக் குறைத்து வருக.

ஐப்பசியில் மூன்றடிக் குழி தோண்டி, மேல்மண்ணும் மக்கிய எருவும் இட்டு நடலாம். கல் தட்டுமிடத்து அலவாங்காற் பிளந்து ஆழமாக்குக. பசிபிக் சமுத்திரத்துப் பவளத்தீவு மக்கள் சுண்ணாம்பு மண்ணில் இம்மரத்தை வளர்த்து வருகின்றனர். ஆகவே நமது சுண்ணக்கல் நிலத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. வெள்ளம் நிற்கும் வயலோரத்தை மட்டும் தவிர்த்து, கிணற்றடி வாய்க்கால் நீர் எட்டும் மேட்டில் நடுக. வீட்டுச் சுவரிலிருந்து இருபத்தைந்து அடியேனும் விலகுதல் வேண்டும். ஏறத்தாழ ஐந்தாம் ஆண்டளவிற் காய்க்கும்.

கறிவேப்பிலையையும் இவ்வாறே பெருக்கலாம்; அஃது இன்னும் எளிது. மரத்தடியில் ஓடும் வேரைக் கத்தியாற் சிறிது கீறி மண்ணால் மூடினால், அவ்விடத்து முளை வரும். அதற்குப் புதுவேர் விட்ட பின்னர் வெட்டிப் பிரித்து நடுக. மணமிக்க தாய்மரத்தின் இயல்பு கன்றிலும் மாறாதிருக்கும். எலுமிச்சையைத் தாக்கும் சாறுறிஞ்சிப் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்குவதால், இரண்டையும் அருகருகே நடாதிருத்தல் நலம்.

ஒட்டுக் கன்றாக வாங்கி நட்ட மா, எலுமிச்சை முதலியவற்றின் வேரிலிருந்து கன்றெடுக்க முயலவேண்டாம். அவ்வேர் ஒட்டப்பட்ட நல்லினத்தினது அன்று, கீழிருக்கும் காட்டினத்தினதே. அதிலிருந்து எழும் முளையைக் கண்டவுடன் நறுக்கிவிடுக.