வேலை செய்யாத ஆப்ஷனை எப்படி மூடுவது? வெர்ட்-வி2வி சொல்லும் பாடம்

வேற யாரோ எழுதின ஒரு மென்பொருளை நம்ம லினக்ஸ் விநியோகத்தில் பேக்கேஜாகச் சேர்த்துக் கொடுக்கிறோம். அதில் உள்ள ஒரு ஆப்ஷன் நம்ம விநியோகத்தில் வேலை செய்யவே செய்யாது. அப்போ என்ன செய்யலாம்? அப்படியே விட்டுடலாமா, இல்லை நீக்கிடலாமா? பார்க்க சின்ன விஷயம்தான். ஆனா யாரோ ஒரு நிர்வாகியின் ராத்திரித் தூக்கம் இதில்தான் இருக்கு. வெர்ட்-வி2வி என்ற கருவியை வைத்தே பார்ப்போம்.

வெர்ட்-வி2வி, விஎம்வேர் அல்லது ஸென் மேல ஓடும் விர்ச்சுவல் மெஷினை கேவிஎம்-க்கு மாற்றித் தரும் கட்டளைவரிக் கருவி. முதலில் பெர்ல் மொழியில் இருந்தது. 2014-ல் ரிச்சர்ட் ஜோன்ஸ் ஓகாம்ல் மொழியில் மறுபடி எழுதினார். டிஸ்க்கை காப்பி அடிப்பது மட்டும் இதன் வேலை இல்லை. உள்ளே இருக்கும் ஓஎஸ்ஸைத் திறந்து விர்ட்-ஐஓ டிரைவர்களைப் போடும், லினக்ஸ் என்றால் இனிட்ரேம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டும், விண்டோஸ் என்றால் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும். அதுக்கப்புறம்தான் மொத்த டிஸ்க்கையும் புது இடத்துக்கு எழுதும். டிஸ்க் பெரிசா இருந்தா மணிக்கணக்கில் ஆகும்.

இதில் 'கியூஎமு' என்று ஒரு வெளியீட்டு முறை உண்டு. மாற்றிய டிஸ்க்கோடு, அந்த மெஷினைக் கிளப்ப ஒரு ஷெல் ஸ்கிரிப்டையும் எழுதி வைக்கும். கூடவே 'கியூஎமு-பூட்' என்ற ஆப்ஷனைக் கொடுத்தால், மாற்றம் முடிஞ்சதும் மெஷினைத் தானே கிளப்பிக் காட்டும். சோதனை செய்பவர்களுக்கு ரொம்ப வசதி.

சிக்கல் எங்கே என்றால், ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸில். அங்கே வரும் கியூஎமு-வில் ஜிடிகே, எஸ்டிஎல் என்ற இரண்டு ஜன்னல் வசதிகளும் கிடையாது. லிப்வெர்ட் வழியாகத்தான் மெஷின்களை இயக்குவீர்கள், திரையை விஎன்சி மாதிரி ஏதாவது ஒன்றில் பார்ப்பீர்கள் என்பது அவர்கள் கணக்கு. கியூஎமு-பூட்டோ தன் மேசைக் கணினியில் ஒரு ஜன்னல் திறக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கான வசதி. ஆக, அங்கே அது ஓட வழியே இல்லை.

இப்போ கேள்விக்கு வருவோம். நமக்கு நாலு வழி இருக்கு.

முதல் வழி, கண்டுக்காம விடுவது. பயனர் ஆப்ஷனைக் கொடுப்பார். மெஷினைக் கிளப்புவது கடைசிக் கட்டம் என்பதால், டிஸ்க் முழுக்க எழுதி முடித்த பிறகுதான் பிழை வரும். அதுவும் வெர்ட்-வி2வி சொல்லும் பிழையாக இருக்காது, கியூஎமு சொல்லும் பிழையாக இருக்கும். மாற்றம் சரியா நடந்ததா, டிஸ்க் கெட்டுப்போச்சா என்று தெரியாமல் அவர் முழிப்பார்.

இரண்டாவது, கையேட்டிலிருந்து மட்டும் எடுத்துவிடுவது. பழைய ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர் கையேட்டைப் பார்க்கவே மாட்டார். அவருக்கு முதல் வழியில் வந்த அதே கதிதான்.

மூன்றாவது, நிரலிலிருந்து ஆப்ஷனை அடியோடு பிடுங்குவது. உடனே பிழை வரும், அது நல்லதுதான். ஆனா 'தெரியாத ஆப்ஷன்' என்று மட்டும் வந்தால், எழுத்துப் பிழை பண்ணிட்டோமோ என்று ஆள் தேடிக்கிட்டே இருப்பார்.

நாலாவது, ஆப்ஷன் பெயரை நிரல் அடையாளம் கண்டு, 'இந்த விநியோகத்தில் இதைப் பயன்படுத்த முடியாது' என்று சொல்லி அங்கேயே நிறுத்துவது. கியூஎமு-பூட் விஷயத்தில் ரெட் ஹேட் பேட்ச் போனது இந்த வழியில்தான். மூலத்தைத் தொடும் முன்பே, ஆப்ஷன்களைப் படிக்கும்போதே பதில் வந்துடும். மூணு மணி நேரம் கழித்து வரும் பிழை மூணாவது நொடியில் வருது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா அது பெரிய வித்தியாசம்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. இந்த ஆப்ஷனுக்கு ரெண்டு பெயர்: முதலில் தனி ஆப்ஷனாக இருந்தது, பிறகு வெளியீட்டு ஆப்ஷன்களுக்குக் கீழே போனது, பழைய பெயரும் தொடர்ந்தது. ஒன்றை மட்டும் அடைத்தால் இன்னொரு வாசல் திறந்தே இருக்கும். கையேட்டையும் கூடவே திருத்தணும். இந்தத் திட்டத்தில் நிரலில் உள்ள ஆப்ஷன்களும் கையேடும் ஒத்துப்போகுதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு; அதையும் கவனிக்கலைன்னா பில்ட் நின்னுடும். மாற்று வழியையும் எழுதிடணும். இங்கே மாற்று வழி எளிது: மெஷினை லிப்வெர்ட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து கிளப்பலாம்.

ஓடாத ஆப்ஷனை மட்டும்தான் மூடணும் என்றில்லை. வெர்ட்-வி2வி சாதாரணமா மூல டிஸ்க்கைத் தொடாது. மேலே ஒரு ஓவர்லே போட்டு அதில்தான் திருத்தும். முன்பு இருந்த 'இன்-ப்ளேஸ்' ஆப்ஷன் மூல டிஸ்க்கிலேயே நேரடியாக எழுதும். அது நன்றாகவே ஓடும். ஆனா பாதியில் நின்றால் பழைய மெஷினும் இல்லை, புது மெஷினும் இல்லை. இதையும் ரெட் ஹேட் தன் பேக்கேஜில் நீக்கியது. பின்னாளில் மூலத் திட்டமே அதைத் தனிக் கருவியாகப் பிரித்துவிட்டது. இதுவும் நல்ல ஏற்பாடு: தெரிஞ்சு கூப்பிடுபவர் மட்டும் கூப்பிடுவார், கை தவறி யாரும் போய் விழ மாட்டார்.

இதற்கெல்லாம் விலை இருக்கு. மூலத் திட்டம் ஒவ்வொரு முறை மாறும்போதும் இந்த பேட்ச்சுகளை மறுபடி பொருத்தணும். அந்த வேலையைப் பேக்கேஜ் செய்பவர் ஒருத்தர் செய்தால் போதும். செய்யாமல் விட்டால், அந்த ஆப்ஷனைக் கொடுக்கும் ஒவ்வொருத்தரும் தனித்தனியா மணிக்கணக்கில் காத்திருந்து அதே பிழையைப் பார்க்கணும். ஹெல்ப்பில் ஒரு ஆப்ஷன் இருந்தால், அது ஓடும் என்று நம்பித்தான் ஆள் எண்டர் தட்டுகிறார். ஓடாதுன்னா, அவர் தட்டின உடனேயே சொல்லிடணும்.