மின்னூல்

வளைக்கவும் முறுக்கவும் தறியிலிட்டு நெய்யவும் ஏற்றதோர் இழையில் மின்னாற்றலைச் சேர்த்து வைக்கலாம் என்றால் வியப்பாக இருக்கும். அத்தகைய இழைகள் இன்று உருவாக்கப்பட்டுள்ளன.

1800ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டு அறிஞர் வோல்டா, துத்தநாகத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் தோய்த்த துணியை வைத்து முதல் மின்கல அடுக்கினை அமைத்தார். அன்றுதொட்டு மின்கலம் பெரும்பாலும் குப்பியாகவும் பெட்டியாகவும் தட்டையான உறையாகவுமே இருந்து வந்தது. கைப்பேசிக்கு அவ்வடிவம் குற்றமன்று. ஆனால், நெஞ்சத் துடிப்பை அளக்கும் கருவியை ஆடையோடு இணைத்து நோயாளிக்கு அணிவிக்க விரும்புவோர்க்கு அது பெரும் இடையூறாகும். உடல் வளையுந்தோறும் துணி வளையும், பெட்டி வளையாது.

சீன நாட்டின் ஷாங்காய் நகரிலுள்ள ஃபூடான் பல்கலைக்கழகத்தில் பெங் ஹுய்ஷெங் என்பாரும் அவர்தம் குழுவினரும் இக்குறையை நீக்க முற்பட்டனர். அவர்கள் அலுமினியக் கம்பியின்மேல் லித்தியம் கோபால்ட்டு ஆக்சைடையும், செப்புக் கம்பியின்மேல் கிராபைட்டையும் பூசினர். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து கலம் பழுதாகுமன்றோ? ஆதலின் ஒன்றின்மீது மெல்லிய தடுப்புப் பட்டையைச் சுற்றி, இரண்டையும் கயிறு திரிப்பது போல் முறுக்கி, நுண்குழாயினுள் செலுத்தி, மின்பகு நீர்மத்தைப் புகுத்தி மூடினர். லித்தியம் அயனிகள் ஒரு கம்பியிலிருந்து மற்றதற்குச் செல்வதும் மீள்வதுமே மின்னிறக்கமும் மின்னேற்றமும் ஆகும்.

எனினும், ஓர் ஐயம் நெடுநாள் தடையாக நின்றது. கம்பி நீள நீள அதன் மின்தடை மிகும் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வாறாயின் நீண்ட இழையால் பயன் என்ன? பெங் குழுவினர் கணக்கிட்டு நோக்கியபோது உண்மை வேறாக இருந்தது. நீளம் கூடுந்தோறும் இரு கம்பிகளும் எதிரெதிரே நிற்கும் பரப்பும் கூடுகிறது; அயனிகள் கடக்கும் வழி அகலமாகிறது. ஆகவே கலத்தின் உட்தடை முதலில் குறைந்து, பின்னர் ஒரு நிலையில் நின்றுவிடுகிறது. 2021ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. அதுவரை கிலோகிராமுக்கு 1 வாட்டு-மணிக்கும் குறைவாக இருந்த இழைக்கலத்தின் ஆற்றல், ஏறத்தாழ 85 வாட்டு-மணியாக உயர்ந்தது. 1,00,000 முறை வளைத்த பின்னரும் அதன் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எஞ்சியிருந்தது.

மற்றோர் அச்சமும் உண்டு. லித்தியம் மின்கலத்தின் நீர்மம் தீப்பற்றும் இயல்புடையது; உடலை ஒட்டிய ஆடையில் அது கசிதல் எளிய செய்தியன்று. நீர்மத்திற்கு மாற்றாகக் கூழ் போன்ற பொருளை இட்டாலோ, அது கம்பியோடு நன்கு ஒட்டுவதில்லை. சுவரின் வெடிப்புகளில் பற்றிப் படரும் கொடியை ஒப்ப, பூச்சிலே நுண்கால்களை அமைத்து, அவற்றினுள் நீர்மமாகப் புகுந்து பின் கூழாக உறையும் பொருளை 2024இல் அக்குழுவினர் கையாண்டனர். கிலோகிராமுக்கு ஏறத்தாழ 128 வாட்டு-மணி ஆற்றல் கிடைத்தது. கைப்பேசியின் தட்டைக் கலம் எடைக்கு எடை இதனினும் மிகுதியாகவே ஆற்றல் தரும். ஆனால், அதனைத் தறியில் ஏற்ற இயலாது.