ஸ்கூட்டி பெல்ட்... பாலைவன ஆட்டம்!

ஜீப்பும் இல்லை, பைக்கும் இல்லை. நாலு சக்கரம், ஸ்டீயரிங், ரெண்டு பக்கெட் சீட், தலைக்கு மேல இரும்புக் கூண்டு. கதவுக்குப் பதிலா சில மாடல்ல வெறும் வலைதான்! பேரு 'சைடு-பை-சைடு'. ஏ.டி.வி-ல பைக் மாதிரி ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காரணும். இதுல ஃப்ரெண்டைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டுப் போகலாம். பெயர்க்காரணம் அம்புட்டுதான் மக்களே!

அமெரிக்கப் பண்ணைகளில் இது வைக்கோலும் வேலிக்கம்பியும் சுமக்கிற ஜீவன். 1988-ல் கவாசாகி இறக்கிய வண்டிக்குப் பேரே 'மியூல்', அதாவது கோவேறு கழுதை! ஆனா, கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேட்டில் ஆட்டம் போடுறவங்களுக்கு இது கழுதை இல்லை, பந்தயக் குதிரை. 2017-லிருந்து டக்கார் ராலியில் தனிப் பிரிவே இருக்கு.

'எது பெஸ்ட்?'னு கேட்டா, எல்லாரும் குதிரைசக்தியைத்தான் பார்ப்பாங்க. பாஸ், முதல்ல அகலத்தைப் பாருங்க! 2007-ல் போலாரிஸ் கொண்டுவந்த முதல் ஆர்.இசட்.ஆர். வெறும் 50 அங்குலம். காரணம், அமெரிக்கக் காட்டுப் பாதைகள் பலவற்றில் அதுக்கு மேல அகலமான வண்டிக்கு அனுமதி கிடையாது. பின்னாடி வந்த கேன்-ஆம் மேவரிக் எக்ஸ்3 மாடலைப் பொறுத்து 64, 72 அங்குலம்னு விரிஞ்சுது. அகலம் கூடினா திருப்பத்துல தைரியம். ஆனா, ரெண்டு மரத்துக்கு நடுவுல நுழையணுமே? அங்கே 50 அங்குலம்தான் ராஜா.

அகலம் வெறும் வசதி சமாச்சாரம் இல்லை. யமஹா ரைனோன்னு ஒரு வண்டி, ஒல்லியா, உயரமா இருக்கும். 2009 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த வண்டி சம்பந்தப்பட்ட 46 மரணங்களைச் சொன்னபோது, இலவச ரிப்பேர் திட்டம் அறிவிக்கப்பட்டது. என்ன ரிப்பேர் தெரியுமா? பின்சக்கரத்தில் ஸ்பேஸர் வெச்சு அகலமாக்குறது, பின்பக்க ஸ்டெபிலைசர் பாரைக் கழட்டுறது. அவ்வளவுதான்! வெஹிக்கிள் டைனமிக்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியா வர்ற சங்கதி, அங்கே உயிர்ப் பிரச்னை. வண்டி சாயும்போது கையையோ காலையோ வெளியே ஊன்றத்தான் உடம்பு துடிக்கும். அப்போ கூண்டு வந்து அதுமேலயே விழும். சீட் பெல்ட், கதவு, வலை எல்லாம் அதுக்குத்தான். 'ஸ்டைலா இல்லை'னு வலையைக் கழட்டுற ஹீரோக்கள் கவனிக்க!

சரி, மெயின் மேட்டருக்கு வருவோம். இதுல பெரும்பாலான வண்டிகளை ஓட்டுறது கியர் இல்லை, ரப்பர் பெல்ட். நம்ம ஸ்கூட்டியிலயும் ஆக்டிவாவிலயும் சுத்துற அதே சி.வி.டி-தான்! இன்ஜின் பக்கம் ஒரு கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் ஒரு கிளட்ச். வேகம் ஏற ஏற முன்னாடி இருக்கிற கப்பி இறுகும், பெல்ட் மேலே ஏறும். பின்னாடி இருக்கிற கப்பி விரியும். அழகான ஐடியா. என்ன, ஸ்கூட்டியில சில குதிரைசக்தி தாங்குற பெல்ட், இங்கே 100-க்கு மேல தாங்கணும். தாங்காதப்ப சூடாகி நார் நாராப் பிரிஞ்சுடும். எங்க காலேஜ் பாஹா டீம் ஷெட்ல ஒரு சீனியர், வண்டி உள்ளே நுழையும்போதே வாசனையை வெச்சு 'பெல்ட்டை வறுத்துட்டீங்கடா!'ம்பார்.

பெல்ட்டை சாகடிக்கிறது பாதி நேரம் டிரைவர்தான். சேத்துல மாட்டினதும் ஆக்ஸிலேட்டரை மிதிச்சு உறுமவிடுறது நம்பர் ஒன் பாவம். சக்கரம் சுத்தாது, கப்பி மட்டும் ஒரே இடத்துல பெல்ட்டைத் தேய்க்கும். பாரம் இழுக்கும்போதும், மெதுவா பாறை ஏறும்போதும் 'லோ' கியர் போடணும். புது பெல்ட்டுக்கு முதல் 80 கி.மீ. ஃபுல் த்ராட்டில் கூடாது. தண்ணி புகுந்து வழுக்குதா? கவர்ல இருக்கிற டிரெய்ன் பிளக்கைத் திறந்து வடிச்சுட்டு, நியூட்ரல்ல கொஞ்ச நேரம் ரேஸ் பண்ணிக் காயவைங்க. பெல்ட் அறுந்துபோச்சுன்னா புதுசை மாட்டி உடனே கிளம்பிடாதீங்க. உள்ளே சுத்திக்கிட்டுக் கிடக்கிற நாரை எல்லாம் பொறுமையா எடுக்கணும். புது பெல்ட்ல அம்புக்குறி இருந்தா, சுத்துற திசைக்குத்தான் மாட்டணும்.

'இந்தத் தலைவலியே வேணாம்'னு ஹோண்டா வேற ரூட் எடுத்துச்சு. 2016 மாடல் பயனீர் 1000-ல பெல்ட் கிடையாது. டூயல் கிளட்ச், 6 கியர். பெல்ட் இல்லேன்னா மெயின்டனன்ஸே இல்லைனு அர்த்தம் இல்லை பாஸ்! கிளட்ச் ரெண்டும் ஆயில்ல குளிக்குது. ஆயிலைத் தள்ளிப்போட்டா கணக்கு வேற இடத்துல தீரும். அதுவுமில்லாம, பெல்ட்டை ஸ்பானர் வெச்சுக் காட்டுல நின்னுக்கிட்டே மாத்திடலாம். கியர்பாக்ஸ் போனா டிரெய்லர்தான். என் ஓட்டு? பாரம் இழுக்க கியர், பாக்கெட் மணி பார்ட்டிக்கு பெல்ட். ஆனா பாருங்க, பல வருஷம் பெல்ட்டோட ஓடின கேன்-ஆமே 240 குதிரைசக்தி மேவரிக் ஆர்-ஐ 2023-ல் அறிமுகம் செஞ்சப்போ, 7 கியர் டூயல் கிளட்ச்சுக்குத்தான் தாவிச்சு!

செகண்ட் ஹேண்ட்ல யாராவது நீட்டினா, கி.மீ-யை மட்டும் பார்க்காதீங்க, மணிக்கணக்கு மீட்டரையும் பாருங்க. அப்புறம் ஏர் ஃபில்டரைக் கழட்டி, இன்ஜின் பக்கத்துக் குழாய்ல விரலை விட்டுத் தேய்ங்க. மண் ஒட்டுதா? சிலிண்டர் ஏற்கெனவே உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்ஞ்சிருக்கும். ஜாக்கி வெச்சு சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்க. பால் ஜாயின்ட் 'டொக் டொக்'னு பேசும். கடைசியா, சைலன்ஸர் பக்கத்துல காய்ஞ்ச புல் அடைஞ்சிருக்கான்னு டார்ச் அடிங்க. அடைஞ்சிருந்தா, முதல்ல அதை எடுத்துட்டுதான் சாவியைத் திருப்பணும். அது பத்திக்கிற சரக்கு!