வாழைக்கு ஒரு கத்தி போதாது

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கம் தீவிலும், திருச்சியைச் சுற்றி ஜீயபுரம், அந்தநல்லூர், லால்குடி, தொட்டியம் பகுதிகளிலும் வாழை முக்கியமான பணப்பயிர். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, நேந்திரன், ஏலரிசி எனப் பல ரகங்கள் இங்கு பயிராகின்றன. பழத்தைப் போலவே இலைக்கும் இங்கு நல்ல தேவை உண்டு.

கன்று, உரம், முட்டுக் கொடுக்கும் சவுக்குக் கம்பு ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்து வாங்கும் விவசாயிகள், கத்தி விஷயத்தில் அவ்வளவு கவனம் செலுத்துவதில்லை. வீட்டில் கிடக்கும் ஓர் அரிவாளே இலை அறுக்கவும், பக்கக் கன்று வெட்டவும், தார் இறக்கவும் பயன்படுகிறது. வேலையாட்கள் கொண்டு வரும் அரிவாளோ நேற்று யார் தோட்டத்தில் வேலை செய்தது என்பது தெரியாது. வாழையில் கத்தி வெறும் கருவி மட்டும் அல்ல. அது நோயைச் சுமந்து செல்லும் வண்டியாகவும் ஆகக்கூடும். ஆகவே கத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது கூர்மை, விலை ஆகியவற்றோடு, சுத்தம் செய்ய எளிதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வேலைக்கு ஏற்ற அலகு

வாழைத் தோட்டத்தில் கத்திக்கு மூன்று வகையான வேலைகள் உள்ளன.

முதலாவது இலை அறுப்பு. இதற்கு மெல்லிய, எடை குறைந்த, சற்றே வளைந்த சிறு கத்தி போதும். அலகு நான்கு முதல் ஆறு அங்குலம் இருக்கலாம். கனமான அரிவாளால் அறுத்தால் கை தவறும்போது இலை கிழியும். அடுத்த இலையின் மட்டையிலும் வெட்டு விழும். கிழிந்த இலைக்குச் சந்தையில் விலை இல்லை. இலைப்புள்ளி நோய் கண்ட இலைகளைக் கழிக்கவும் இதே வகைக் கத்தி ஏற்றது.

இரண்டாவது பக்கக் கன்று நீக்குதல். இங்கு அலகு மண்ணோடும் கிழங்கோடும் மோதும். ஆகவே முதுகு தடித்த, நுனி வளைந்த, எட்டு அங்குலத்துக்குக் குறையாத அரிவாள் தேவை. வாயை மிக மெல்லியதாகத் தீட்டக் கூடாது; ஒரு கல்லில் பட்டாலே பல் விழுந்துவிடும். கன்றைத் தரை மட்டத்தில் வெட்டுவதோடு நில்லாமல், வளைந்த நுனியால் நடுக்குருத்தைத் தோண்டி எடுத்தால்தான் அது மீண்டும் தழைக்காது.

மூன்றாவது தார் இறக்குதலும் சீப்பு பிரித்தலும். உயரமான பூவன் மரத்தில் ஒருவர் மரத்தில் அளவாக வெட்டி அதை மெல்லச் சாய்க்க, மற்றொருவர் தாரைத் தோளில் தாங்க வேண்டும். இதற்குப் பத்து முதல் பன்னிரண்டு அங்குல அலகுள்ள அரிவாள் ஏற்றது. தாரில் அரை அடிக்கு மேல் காம்பு விட்டு வெட்டினால் தூக்கப் பிடி கிடைக்கும். சீப்பு பிரிக்க மட்டும் குட்டையான, நன்கு கூரான தனிக் கத்தி வேண்டும். மழுங்கிய கத்தியால் பிய்த்தெடுத்த சீப்பின் அடிப்பகுதியில் பூஞ்சணம் ஏறி அழுகல் தொடங்கும். பழம் கடைக்குப் போய்ச் சேரும் முன்பே சீப்பு உதிரும்.

இரும்பும் பிடியும்

கொல்லுப்பட்டறைகளில் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடித்துத் தரும் அரிவாள் பொதுவாக நல்ல உழைப்பைத் தரும். அந்த எஃகு கூரை நன்கு ஏற்கும். சாதாரணக் கல்லிலேயே தீட்டலாம். ஆனால் துரு பிடிக்கும். வாழைச் சாறும் சேர்ந்து அலகைக் கருக்கிவிடும். எவர்சில்வர் அலகு துருவை எளிதில் ஏற்காது, கழுவவும் சுலபம். ஆனால் மழுங்கினால் தீட்ட அதிக நேரமாகும். இலைக்கும் சீப்புக்கும் எவர்சில்வர், கன்றுக்கும் தாருக்கும் பட்டறை எஃகு என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.

வாங்கும்போது அலகைச் சுண்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஓசை வந்தால் நல்லது. ஓசை அடங்கி ஒலித்தால் விரிசல் இருக்கலாம். வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், மழுங்கிய இடங்கள் மட்டும் பளிச்சென்று மின்னும். வாய் ஓரத்தில் அரத்தை ஓட்டிப் பார்ப்பதும் ஒரு சோதனை. அரம் சிறிதும் பிடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் கடுமை. அலகு எளிதில் ஒடியும். வெண்ணெயில் ஓடுவது போல் ஓடினால் தோய்ச்சல் போதாது, விரைவில் மழுங்கும்.

பிடியில் அலகு அசையக் கூடாது. பிடிக்கும் அலகுக்கும் நடுவே இடுக்கு இருந்தால் அங்கே சேறும் சாறும் தங்கும். எந்த மருந்தில் நனைத்தாலும் அந்த இடம் சுத்தமாகாது. பூண் இறுகப் போட்ட, வழவழப்பான மரப்பிடி நல்லது. வாழைச் சாறு கையை வழுக்கச் செய்யும் என்பதால், பிடியின் அடிப்பக்கம் சற்றுப் பெருத்திருந்தால் அரிவாள் கையை விட்டு நழுவாது.

கத்தி சுமக்கும் நோய்

ரஸ்தாளி, கற்பூரவல்லி ரகங்களைப் பெரிதும் தாக்குவது வாடல் நோய். இதைப் பனாமா வாடல் என்றும் சொல்வார்கள். அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். மரத்தின் அடியில் நீளவாக்கில் வெடிப்பு காணும். கிழங்கை வெட்டினால் செம்பழுப்புக் கோடுகள் தெரியும். இதற்குக் காரணமான பூஞ்சணம் பயிரே இல்லாத மண்ணிலும் இருபது, முப்பது ஆண்டுகள் உயிரோடு இருக்கும். நோயுள்ள தோட்டத்துக் கன்று, பாசன நீர், காலில் ஒட்டும் சேறு, மண்வெட்டி, அரிவாள் ஆகிய எல்லாவற்றிலும் அது பயணம் செய்யும்.

ஏழடிக்கு ஏழடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 890 மரம் நிற்கும். மாதம் ஒரு முறை கன்று கழித்தால், அறுவடைக்குள் ஒரே அரிவாள் ஆயிரக்கணக்கான முறை மண்ணிலும் கிழங்கிலும் பட்டுவிடும். நோயுள்ள ஒரு மரம் நடுவில் இருந்தால், அந்த மண் எத்தனை மரங்களின் புது வெட்டுக்காயத்தில் போய் ஒட்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேறு நாடுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. எத்தியோப்பியாவில் 1968-இல் பதிவான ஒரு பாக்டீரியா வாடல் நோய், 2001-இல் உகாண்டாவின் வாழைத் தோட்டங்களில் காணப்பட்டு, பின்னர் அண்டை நாடுகளுக்கும் பரவியது. அது நம் பகுதி வாடல் நோயிலிருந்து வேறுபட்டது. ஆனால் அது பரவிய வழிகளில் கத்தியும் ஒன்று. அங்கு விவசாயிகளுக்குச் சொல்லப்பட்ட பாடங்கள் இரண்டு: கத்தியை நெருப்பிலோ குளோரின் கரைசலிலோ சுத்தம் செய்ய வேண்டும், வாழைப்பூவைக் கத்தி படாமல் கவைக்கோலால் முறுக்கி ஒடிக்க வேண்டும்.

அதேசமயம் எல்லா நோய்க்கும் கத்தி மீது பழி போடக் கூடாது. முடிக்கொத்து நோய் கத்தியால் பரவுவதில்லை. நோயுள்ள கன்றும், வாழை அசுவினியுமே அதைப் பரப்புகின்றன. அங்கே நோயற்ற கன்றைத் தேர்ந்தெடுப்பதும், அசுவினியைக் கட்டுப்படுத்தி நோயுற்ற மரத்தைக் கிழங்கோடு அகற்றுவதுமே வழி.

இரண்டு அரிவாள், ஒரு வாளி

நெருப்பில் காட்டினால் கிருமி சாகும் என்பது உண்மை. ஆனால் அலகு நிறம் மாறும் அளவுக்கு அடிக்கடி காய்ச்சினால் தோய்ச்சல் இறங்கிக் கத்தி மழுங்கும். கொதிநீரில் அந்தக் கெடுதல் இல்லை. என்றாலும் தோட்டத்தில் கொதிநீர் வைத்திருப்பது சிரமம். குறைந்த செலவில் செய்யக்கூடிய வழி, விலை உயர்ந்த ஓர் அரிவாளுக்குப் பதிலாகச் சாதாரண அரிவாள் இரண்டு வாங்குவது. ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றொன்று மருந்து வாளியில் ஊற வேண்டும்.

சலவைக்குப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு கலந்து, பிளாஸ்டிக் வாளியில் நிழலில் வைக்க வேண்டும். மண் ஒட்டிய அலகை அப்படியே முக்குவதால் பயனில்லை. சேறு மருந்தின் வேகத்தைத் தின்றுவிடும். சேற்றுக்குள் இருக்கும் பூஞ்சணமும் தப்பிவிடும். முதலில் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ தேய்த்து, கழுவிவிட்டுப் பிறகு முக்க வேண்டும். கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். கலங்கினால் மாற்ற வேண்டும். இத்துடன் வேறு எந்த அமிலத்தையும் சேர்க்கக் கூடாது. நச்சுப் புகை கிளம்பும். இந்தக் கரைசல் இரும்பை அரிக்கும். ஆகவே மாலையில் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய் தடவி வைப்பது அவசியம்.

மரத்துக்கு மரம் அரிவாளை மாற்ற ஆள் பற்றாக்குறை இடம் தராது என்றால், வரிசைக்கு வரிசையாவது மாற்றலாம். ஆரோக்கியமான பகுதியில் வேலையைத் தொடங்கி, சந்தேகமான மரங்களைக் கடைசியில் தொட வேண்டும். வாடல் நோய் கண்ட மரத்தை மற்ற வேலைகளோடு சேர்த்து வெட்டக் கூடாது. அதைத் தனியாகக் கிழங்கோடு தோண்டி அழித்து, அந்தக் குழியில் ஒன்று முதல் இரண்டு கிலோ சுண்ணாம்பு இட வேண்டும். நோய் கண்ட வயலில் அடுத்து ரஸ்தாளி வைப்பதைத் தவிர்த்து, இங்குள்ள வாடல் நோயைத் தாங்கும் பூவன் போன்ற ரகத்துக்கு மாறுவது நல்லது.

கூலிக்கு வருபவர்களிடம் அவர்கள் அரிவாளை வெளியே வைக்கச் சொல்வதில் சங்கடம் வேண்டாம். தோட்டத்து அரிவாளைக் கையில் கொடுத்துவிட்டால் போதும். அலகுக்குத் தோலிலோ பழைய டயர் ரப்பரிலோ உறை போட்டு வைத்தால் வரப்பில் நடப்பவர் காலும் தப்பும். வெட்டுக்காயம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தேவையானால் தனுர்வாத ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நோய் அறிகுறியில் ஐயம் இருந்தால், 1993-இல் தொடங்கப்பட்டு, திருச்சி தாயனூரில் இயங்கி வரும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும், சிறுகமணி வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். இரண்டாவது அரிவாளுக்கு ஆகும் செலவு ஒரு சில தாரின் விலைக்குள் அடங்கிவிடும். நோய் குடியேறிய மண்ணை மீட்கவோ ஒரு தலைமுறைக் காலம்கூடப் போதாமல் போகலாம்.