வில்லியனூர்ச் சைக்கிளுக்கும் ஒரு தடம் வேண்டும்

புதுச்சேரியில் சைக்கிள் என்றதும் கடற்கரைச் சாலையில் வாடகை சைக்கிள் மிதிக்கும் சுற்றுலாப் பயணிகளைத்தான் படமெடுத்துப் போடுகிறார்கள். இந்த ஊரின் சைக்கிள் வரலாறு அங்கே இல்லை. முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. துணி ஆலையின் சங்கு ஒலித்த காலத்தில், ஷிஃப்டுக்கு நேரமாகிறதென்று சுற்றுக் கிராமங்களிலிருந்து விரைந்து வந்த தொழிலாளர்களுடையது அது. 1898இல் தோன்றிய அந்த ஆலை 2020இல் மூடப்பட்டது. சைக்கிள்கள் நின்றுவிடவில்லை. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் காய்கறி விற்கவும் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துக் கிராமங்களிலிருந்து மிதித்துத்தான் வருகிறார்கள்.

வில்லியனூரிலிருந்து நகரம் சுமார் 10 கிலோமீட்டர். மேடு பள்ளமில்லாத சமவெளி. முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். தடையாக இருப்பது சாலைதான். தார் முடியும் இடத்தில் ஒரு சாண் பள்ளம், அதற்கப்பால் மண். பின்னால் பேருந்து ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் அந்தப் பள்ளத்தில்தான் இறங்கியாக வேண்டும். வழியிலுள்ள அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ரயில்வே கேட்டில் காத்திருந்த வாகனங்களின் அவதியைத் தீர்த்தது. கேரியரில் சுமை கட்டியவருக்கோ அது மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். கடலூர் சாலையில் கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் பக்கமும் இதே பயம்தான்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்டிச்செல்லப் பாதுகாப்பான பாதை கொடுக்காதது பெரிய குறை. பக்கத்து மாநிலத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. வெளியே போக இன்னொருவரை எதிர்பார்த்திருந்த நிலை அவர்களுக்கு மாறியது. இன்று பாகூர்ப் பெண் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பப் பெற்றோர் தயங்கினால் காரணம் லாரிதான். இந்தப் பயம் இங்கே மட்டும் இருந்ததல்ல. நெதர்லாந்தில் 1971இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்தில் இறந்தார்கள். பெற்றோர் தெருவுக்கு வந்து போராடினார்கள். இன்று உலகம் புகழும் அந்நாட்டுச் சைக்கிள் பாதைகளுக்கு அந்தப் போராட்டமும் ஒரு காரணம்.

இங்கே பெருஞ்செலவு தேவையில்லை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலின் கரை போன்ற இடங்களைச் செம்மண் கொட்டிச் சமப்படுத்தி, விளக்கு போட்டாலே கிராமங்களுக்கிடையே நல்ல வழி கிடைத்துவிடும். பிரதான சாலைகளில் ஓரப் பள்ளத்தை நிரப்பி, ஐந்தடி அகலத்துக்குத் தனித் தடம் ஒதுக்க வேண்டும். பள்ளிக்கூட வாசல்களில் வேகத்தை 30 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்த வேண்டும். பொதுப்பணித் துறையும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் அடுத்த முறை தார் போடும்போதே இதைத் திட்டத்தில் சேர்க்கட்டும்.