குழாய் இருந்தால் போதுமா? வட சிலாங்கூர் தோட்டங்களின் குடிநீர் எவ்வளவு உறுதியானது?

செகிஞ்சான் – குழாயைத் திறந்ததும் தண்ணீர் வருகிறது. அது எந்த ஆற்று நீர் என்று நாம் யோசிப்பதோ, தண்ணீர் நின்றுபோகும் நாளில்தான். வறட்சியும் திடீர்க் கனமழையும் மாறி மாறி வரும் இக்காலத்தில், தோட்டப்புற மக்கள் அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு ஆறுகள்

நம் வட்டாரம் இரண்டு ஆறுகளை நம்பியிருக்கிறது. செகிஞ்சான் அடங்கிய சபாக் பெர்ணம் மாவட்டத்திற்கு பெர்ணம் ஆறு முக்கியம். தஞ்சோங் காராங் முதல் சுங்கை பெசார் வரையிலான ஏறத்தாழ 20,000 ஹெக்டர் நெல் வயல்களுக்கும் அந்த ஆற்று நீரே கால்வாய் வழியாகத் திருப்பிவிடப்படுகிறது. ஆற்றில் நீர் குறைந்தால் வயலும் வீடும் ஒரே நேரத்தில் நெருக்கடிக்கு உள்ளாகும்.

தெற்கே சிலாங்கூர் ஆறு ஓடுகிறது. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகியவற்றுக்கான நீரில் பாதிக்கும் மேல் இந்த ஓர் ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. 2014-இல் அணைகளின் நீர்மட்டம் சரிந்தபோது, மார்ச், ஏப்ரல் மாதங்களில் மாநிலத்தின் பல மாவட்டங்களில் தண்ணீர் பங்கிட்டு விடப்பட்டது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த கழிவால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கோல சிலாங்கூர் உட்பட ஏழு வட்டாரங்களில் விநியோகம் தடைபட்டது.

மழை அதிகமானாலும் சிக்கல்தான். வெள்ளம் மண்ணை அடித்துக்கொண்டு வந்து ஆற்று நீரை அளவுக்கு மீறிக் கலங்கலாக்கினால், சுத்திகரிப்பு நிலையம் உற்பத்தியைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரிடும்.

கிணறு கைகொடுக்குமா?

குழாய் நீர் நின்றால் கிணறு தோண்டிக்கொள்ளலாம் என்பது இங்கே எளிதல்ல. கடலோரத்தில் கிணற்று நீர் உவர்ப்பாகலாம். உள்ளே சதுப்பு நிலப் பக்கம் தேநீர் நிறத்தில் அமிலத்தன்மையுள்ள நீர் ஊறும்.

அந்தச் சதுப்பு நிலத்தால் நமக்கு வேறொரு பயன் உண்டு. 70,000 ஹெக்டருக்கும் அதிகமான வட சிலாங்கூர் கரிச் சதுப்புக் காடு, மழை நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, வெயில் காலத்தில் மெல்ல வெளிவிடுகிறது. மரம் வெட்டி இழுத்துச் செல்ல முன்பு தோண்டப்பட்ட கால்வாய்கள் அந்த நீரை வடித்துவிட்டன. காய்ந்த கரிமண் தீப்பற்றும். ராஜா மூசா வனப் பகுதியின் புகையை இங்குள்ளவர்கள் அறிவார்கள். 2008 முதல் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து அக்கால்வாய்களை அடைத்து வருகின்றனர். இந்த வேலை தீத்தடுப்போடு நீர்ப் பாதுகாப்புக்கும் உதவுகிறது.

பெஸ்தாரி ஜெயா பக்கம் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் நீரைச் சேமித்து, வறட்சியில் சிலாங்கூர் ஆற்றுக்கு இறைக்கும் திட்டமும் உண்டு.

கடைசி ஒரு மைல்

ஆற்றில் நீர் இருந்தும் லயன் வீட்டில் சொட்டாமல் போகலாம். பழைய தோட்டங்கள் சிலவற்றில் ஒரே பொது மீட்டர்தான். மீட்டர் வரைக்கும் நீர் நிறுவனத்தின் பொறுப்பு. அதற்குப் பிறகு ஓடும் குழாய்கள் தோட்டத்தினுடையவை. அழுத்தம் குறையும்போது குழாயின் கடைசி வீடுகளே முதலில் பாதிக்கப்படும். தோட்டம் கைமாறினாலோ மூடப்பட்டாலோ, குழாயைப் பழுதுபார்ப்பது யார், கட்டணம் கட்டுவது யார் என்ற கேள்வி எழுகிறது.

வேலையில் இருப்போருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 446), தான் வழங்கும் வீடுகளுக்குப் போதுமான குழாய் நீரை இலவசமாகத் தருவதை முதலாளியின் கடமையாக்குகிறது. புகார்களைத் தொழிலாளர் இலாகாவில் அளிக்கலாம். வேலை முடிந்தும் அதே வீட்டில் குடியிருக்கும் முன்னாள் பாட்டாளிகளின் நிலை இவ்வளவு தெளிவானதல்ல. தனி மீட்டர் கிடைக்குமா என்பதை அவர்கள் இப்போதே கேட்டறிவது நல்லது.

நாம் செய்யக்கூடியவை

• குடிக்க, சமைக்க, கைகால் கழுவ ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 20 லிட்டர் வேண்டும். ஐவர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளுக்கு 300 லிட்டர். அந்த அளவுக்கு மூடியுள்ள தொட்டி இருக்கட்டும்.

• 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் விழும். முதலில் வரும் அழுக்கு நீரை விட்டுவிட்டு மீதியைப் பிடித்தால், கழிப்பறைக்கும் துணி துவைக்கவும் உதவும். குடிக்க வேண்டாம். ஏடிஸ் கொசு நுழையாதபடி வலையிட்டு மூடுங்கள்.

• கோயில் அல்லது பொது மண்டபத்தில் ஒரு பொதுத் தொட்டி இருந்தால், தண்ணீர் லோரி வரும் நாளில் முதியவர்கள் வாளியோடு வெகுதூரம் நடக்க வேண்டியிராது.

• தோட்டத் தலைவர்கள் நிர்வாகத்திடம் மூன்று கேள்விகளை எழுத்து வடிவில் கேட்கலாம்: பொது மீட்டர் எங்கே? உள்குழாய்கள் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன? தடை ஏற்பட்டால் லோரி எந்த இடத்தில் நிற்கும்?

இந்த மூன்றுக்கும் பதிலை வெயில் காலம் வருமுன் வாங்கி, கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.